எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் நான் நடத்திய தேர்தல்

மென்பொருள் கம்பெனியில் பதினைந்து வருடம் குப்பை கொட்டியவர்களுக்கு நாற்பது வயதை ஒட்டி ஒரு நோய் வரும். 'சமுதாயத்துக்கு ஏதாவது திருப்பிச் செய்யணும்' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பிப்பதுதான் முதல் அறிகுறி. சமுதாயம் நம்மிடம் எதையும் கேட்கவில்லை, நாம் இருப்பதே அதற்குத் தெரியாது என்பதெல்லாம் அந்த நேரத்தில் உறைக்காது. என் நண்பன் ஒருவன் ஊர்ப் பக்கம் நிலம் வாங்கி இயற்கை விவசாயம் செய்யப் போனான். இன்றுவரை மயில்களுக்காகச் சோளம் விளைவித்துக்கொண்டிருக்கிறான். நான் ஆசிரியர் ஆகக் கிளம்பினேன். அவனால் மயில்களுக்காவது லாபம்.

சொந்த ஊர் பொள்ளாச்சி. குடியிருப்பது புனேயில், நிக்டியில். வேலை ஹிஞ்சேவாடியில். இரண்டுக்கும் நடுவே கம்பெனி வண்டியில் உட்கார்ந்தபடியே அஞ்சல் வழியில் அரசியல் அறிவியல் எம்.ஏ. முடித்தேன் என்றால் அந்தச் சாலையின் போக்குவரத்தைப் பற்றி மேற்கொண்டு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அந்த எம்.ஏ.வைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலையை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையில் பி.எட். சேரப் போகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அறிவித்தேன்.

என் மனைவி கவிதாவும் ஹிஞ்சேவாடியில்தான் வேலை பார்க்கிறாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் துருவலை நிறுத்தவில்லை.

"ஏனுங்க, வீட்டுல இருக்கற ஒருத்திக்கு ஒரு கணக்குச் சொல்லிக் குடுக்கறதுக்குள்ள அந்தக் கத்து கத்தறீங்க. நாப்பது பேருக்கு எப்படீங்க?"

"அதுக்குத்தான் முறைப்படி கத்துக்கப் போறேன்."

"அதான் நல்லாத்தானே கத்தறீங்க. அதை எதுக்குப் போய்க் கத்துக்கறீங்க?"

மாற்றத்தை விரும்பாத மனம் இப்படித்தான் பேசும் என்று நினைத்துக்கொண்டேன். (சத்தமாகச் சொல்லவில்லை. தேங்காய்த் துருவி அவள் கையில் இருந்தது.)

துறையில் என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் நேற்றுத்தான் கல்லூரி முடித்த பிள்ளைகள். முதல் நாளே ஸ்நேஹல் என்ற பெண், "காகா, இங்கே உட்காரலாமா?" என்று கேட்டாள். மராட்டியில் காகா என்றால் சித்தப்பா. மரியாதையான சொல்தான். ஆனால் மதியத்துக்குள் வகுப்பு முழுவதும் 'காகா, காகா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. எனக்கோ அமாவாசை அன்று மொட்டை மாடியில் நின்று என்னைச் சாப்பிடக் கூப்பிடுவது மாதிரியே இருந்தது.

அதற்கெல்லாம் நான் அசரவில்லை. குழந்தைமையக் கல்வி, பங்கேற்புக் கற்றல், வகுப்பறை ஜனநாயகம் என்று ஒவ்வொரு புதுச் சொல்லையும் கேட்ட அன்றைக்கே சொந்தமாக்கிக்கொண்டேன். கருத்தரங்கில் யார் என்ன பேசினாலும் எழுந்து, "தொழில்துறையில் நாங்கள் இதை எப்படிச் செய்வோம் என்றால்..." என்று ஆரம்பிப்பேன். தொழில்துறையில் நான் செய்ததெல்லாம் அமெரிக்காக்காரன் தூங்கி எழுவதற்குள் அவனுடைய திரையில் ஒரு பொத்தானை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றி வைத்ததுதான். அது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கள் வழிகாட்டி தேஷ்பாண்டே மேடத்துக்கு மட்டும் தெரிந்திருக்கும் போலிருக்கிறது. ஒருநாள் என்னை நிறுத்தி, "சரவணன், நீங்கள் ரொம்ப நன்றாகப் பேசுகிறீர்கள். என் கவலையே அதுதான்" என்றார். பாதியைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டேன்.

இரண்டாம் வருடம் பயிற்சிக்குப் பள்ளி ஒதுக்கினார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியைக் கேட்டிருந்தேன். கிடைத்தது. அது என் மகள் இனியா படிக்கும் பள்ளி. எனக்குக் கொடுத்த வகுப்பு எட்டு 'பி'. அது என் மகள் இனியா படிக்கும் வகுப்பு.

செய்தியைக் கேட்டதும் அவள் சோபாவில் குப்புற விழுந்து தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டாள். புனேயில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழ் நின்று நின்றுதான் வரும், ஆனால் அன்றைக்குத் தங்குதடையில்லாமல் வந்தது.

"ப்பா, ப்ளீஸ். நீங்க என் அப்பான்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. என்னைக் கண்ணுன்னு கூப்பிடக் கூடாது. ஜோக் சொல்லக் கூடாது. ஸ்கூட்டர்ல ஒண்ணா போகக் கூடாது. ப்ராமிஸ் பண்ணுங்க."

"பேரை வெச்சுக் கண்டுபிடிச்சுட மாட்டாங்களா? ரெஜிஸ்தர்ல நீ இனியா சரவணன். நான் சரவணன் சார்."

"அது நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். வகுப்பில் யாரோ கேட்டதற்கு, "சரவணன்ங்கறது தமிழ்நாட்டுல ரொம்ப காமன் சர்நேம். இங்கே பாட்டீல் மாதிரி" என்று சொல்லியிருக்கிறாள். நாற்பது பிள்ளைகளும் நம்பிவிட்டார்கள். குடும்பத்தில் பாடம் நடத்தும் திறமை யாருக்கு இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பயிற்சி வகுப்புகள் ஒரு மாதிரி ஓடின. நான் பேசினேன், அவர்கள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். மிச்சமிருந்தது இறுதிப் பாடம். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாம் நடத்தும் பாடத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவார். அதில் தோற்றால் அந்த வருடமே போச்சு.

மற்றவர்கள் எல்லாம் மழை எப்படிப் பெய்கிறது, சிவாஜி கோட்டையை எப்படிப் பிடித்தார் என்று பத்திரமான தலைப்புகளாக எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்தது 'ஜனநாயகமும் வாக்குரிமையும்'. சும்மா நடத்துவதாக இல்லை. வகுப்பிலேயே ஒரு தேர்தல் நடத்தப் போகிறேன். பாடத்தைக் குழு விவாதமாக நடத்துவதா, நாடகமாக நடத்துவதா என்று பிள்ளைகளே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். எது ஜெயித்தாலும் நடத்த நான் தயார். பாடத்திட்டத்தில் ஒரு வரியை அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன்: 'மாணவர்களின் முடிவை ஆசிரியர் எந்த மாற்றமுமின்றி ஏற்றுச் செயல்படுத்துவார்.'

தேஷ்பாண்டே மேடம் அந்த வரியின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அவர்கள் வேறு ஏதாவது கேட்டால்?"

"கேட்க மாட்டார்கள் மேடம். இந்தப் பிள்ளைகளின் மனசு எனக்கு நன்றாகத் தெரியும்."

மேடம் கையெழுத்துப் போட்டார். அவர் போட்ட கையெழுத்துகளிலேயே அவர் இன்றுவரை வருந்தும் கையெழுத்து அதுவாகத்தான் இருக்கும்.

பள்ளியில் எந்த ஆசிரியரும் தன் பீரியடைத் தேர்வுக்கு விட்டுத்தர முன்வரவில்லை. கடைசியில் வியாழக்கிழமை நான்காவது பீரியட் காலியாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஒரு பள்ளியில் ஒரு பீரியட் எப்படி, எதற்குக் காலியாக இருக்கும் என்று ஒரு கணம்கூட யோசிக்காமல் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

முந்தின நாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டே செருப்பு டப்பாவுக்கு வெள்ளைக் காகிதம் ஒட்டி வாக்குப்பெட்டி தயாரித்துக்கொண்டிருந்தேன். இனியா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ப்பா, நாளைக்கு ஃபோர்த் பீரியட்..."

"இரு. நான் ஒட்டிட்டு இருக்கேன்ல."

"இல்லப்பா, அந்த பீரியட்ல நாங்க எல்லாரும்..."

"இனியா, ஒருத்தர் ஒரு வேலையில இருக்கறப்போ குறுக்கே பேசக் கூடாது. அடுத்தவங்க சொல்றதை முழுசாக் காது கொடுத்துக் கேக்கறது ஒரு பெரிய திறமை. எங்க துறையில அதுக்குத் தனிப் பாடமே இருக்கு. இன்னொரு நாள் உனக்கு விளக்கமாச் சொல்றேன்."

அவள் என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"புள்ள ஏதோ சொல்ல வந்தாளுங்க" என்றாள் கவிதா.

"சொல்லட்டும், சொல்லட்டும்" என்றேன், பசையை ஊதிக்கொண்டே.

வியாழக்கிழமை வெள்ளைக் குர்தா போட்டு மேலே ஒரு காவிப் பழுப்பு நிற ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டேன். தலைப்புக்கேற்ற உடை என்று என் எண்ணம். படியிறங்கும்போது இனியா ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். "ப்பா, நம்ம தெருமுனை சௌக்குல பர்த்டே போர்டு வெச்சிருக்காங்கல்ல கார்ப்பரேஷன் கவுன்சிலர், அவர் மாதிரியே இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் ஓடிவிட்டாள்.

வெளித் தேர்வாளர் பாட்டீல் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சாம்பல் நிற சஃபாரி உடையில் வந்தவர் யாரிடமும் எதுவும் பேசாமல் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனார். பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சில் முழங்காலை மடக்கித் திணித்து உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் தேஷ்பாண்டே மேடம். எனக்கு எதிரே, வழக்கத்துக்கு மாறாக ஒரு சத்தமும் இல்லாமல், எட்டு 'பி'. என் உடை ஏற்படுத்திய மரியாதை அது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொதிப்பவர்களும் அப்படித்தான் அமைதியாக இருப்பார்கள் என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

(வகுப்பில் பேச்சு எல்லாம் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும்தான் நடந்தது. இங்கே தமிழில் சொல்கிறேன். அவமானம் எந்த மொழியிலும் ஒன்றுதான்.)

தொடக்கவுரை அற்புதமாக அமைந்தது. நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்லவில்லை. "உங்கள் ஒரு ஓட்டுக்கு முன்னால் எவ்வளவு பெரிய பதவியில் இருப்பவரும் சிறியவர்தான். மக்கள் முடிவை மதிக்காத அரசு அரசே இல்லை, வெறும் அதட்டல்" என்று மேசையைத் தட்டினேன். அவர்கள் முடிவை மாற்றமில்லாமல் ஏற்றுக்கொள்வேன் என்று வாக்கும் கொடுத்தேன். பாட்டீல் சார் ஏதோ எழுதினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. கரும்பலகையில் 'ஏ - குழு விவாதம்', 'பி - நாடகம்' என்று எழுதிவிட்டுத் திரும்பினால், மூன்றாவது பெஞ்சில் அதர்வா கையைத் தூக்கியிருந்தான். ஒல்லியான பையன். அதுவரை என் வகுப்பில் அவன் கை தூக்கியதே தண்ணீர் குடிக்கப் போகத்தான்.

"சார், இன்னொரு ஆப்ஷன் சேர்க்கலாமா?"

இதைவிட வேறென்ன வேண்டும்! பங்கேற்பு, தானாக முன்வருதல், விமர்சனச் சிந்தனை, மூன்றும் ஒரே கையில்! "தாராளமாக! சொல் அதர்வா" என்றேன், கடைசி பெஞ்சு கேட்கும்படி.

"சி - பி.டி. மைதானம், சார்."

வகுப்பில் பெஞ்சுகள் கிறீச்சிட்டன.

"மைதானமா? அது எதற்கு?"

"இது எங்கள் பி.டி. பீரியட், சார்."

சாக்பீஸ் கையில் அப்படியே நின்றது. இனியாவைப் பார்த்தேன். 'அதைத்தானே நேத்து சொல்ல வந்தேன்' என்று எழுதி ஒட்டியதுபோல் இருந்தது அவள் முகம். உடனே அதைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். தேஷ்பாண்டே மேடம் லேசாகத் தலையை ஆட்டி 'வேண்டாம்' என்று சைகை காட்டினார். அந்த இடத்திலாவது நான் சுதாரித்திருக்கலாம். ஆனால் அடிக்கோடிட்ட வரி தேர்வாளர் கையில் இருந்தது. அதோடு, பத்து நிமிடம் அப்படிப் பேசிய பிறகு இந்தப் பிள்ளைகள் எனக்கு எதிராக ஓட்டுப் போடுவார்களா என்ன என்ற நம்பிக்கையும் இருந்தது. எழுதினேன், 'சி'யை.

பிரசாரத்துக்கு ஒரு பக்கத்துக்கு ஒருவர் பேசலாம் என்று சொன்னேன். 'ஏ'வுக்காகப் பேச யாரும் எழவில்லை. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் ம்ருண்மயியை நானே கெஞ்சி எழுப்பினேன். "குழு விவாதம் ஆளுமையை வளர்க்கும்" என்று தொடங்கியவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "ஆனால் எல்லோரும் மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள்" என்று முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். 'பி'க்கு எழுந்தவன் நாடகம் போட்டால் யாராவது பெண் வேடம் போட வேண்டியிருக்கும் என்று எச்சரித்துவிட்டுப் போனான். அதர்வா எழுந்தான். பேச்சு முழுவதும் மூன்றே வாக்கியம்தான்.

"நண்பர்களே, போன வாரம் நம் பி.டி.யை மேத்ஸ் சார் எடுத்துக்கொண்டார். அதற்கு முந்தின வாரம் சயின்ஸ் மேடம். இந்த வாரம் சரவணன் சார்."

நான் பேசியது பத்து நிமிடம். அவனுக்கு விழுந்த கைதட்டலில் பாதிகூட எனக்கு விழவில்லை.

ரகசிய வாக்கெடுப்பு அமைதியாக நடந்தது. வரிசையில் நின்று சீட்டுகளை மடித்துச் செருப்பு டப்பாவில் போட்டார்கள். எண்ணுவதற்குத் தேர்தல் அதிகாரியாக இனியாவைக் கூப்பிட்டேன். சொந்த ரத்தம், ஏதாவது விபரீதம் என்றால் சாமர்த்தியமாகச் சமாளிப்பாள் என்று ஒரு கணக்கு. (தேர்தல் நேர்மையைப் பற்றி அப்போதுதான் பேசி முடித்திருந்தேன் என்பதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.)

அவள் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, தெளிவான குரலில், ஒளிவுமறைவில்லாமல் படித்தாள்.

"சி. சி. சி. சி. சி..."

மராட்டிப் பிள்ளைகளுக்கு அது வெறும் எழுத்து. அந்த அறையில் இருந்த ஒரே தமிழ்த் தகப்பனுக்கு, பெற்ற மகள் முகத்துக்கு நேரே நின்று 'சீ! சீ! சீ!' என்று சொல்வதாகவே கேட்டது. நடுவில் ஒரே ஒரு 'ஏ' வந்தது. இனியா அதைக் கொஞ்சம் தயங்கி, மெல்லிய குரலில் படித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஊரே எதிர்த்து நின்றாலும் என் கண்ணு அப்பாவைக் கைவிடவில்லை! பிறகு மறுபடியும் சி, சி, சி.

'பி'க்கு ஒன்றும் விழவில்லை.

எட்டு 'பி' மொத்தமும் எழுந்து நின்றது. நான் கைகளை உயர்த்தினேன். "அருமை! இதுதான் ஜனநாயகம்! இப்போது மக்கள் முடிவை அரசு பரிசீலிக்கும். அதன் பிறகு..."

"சார், மாற்றமில்லாமல் ஏற்றுக்கொள்வேன் என்று சொன்னீர்கள்" என்றான் அதர்வா.

"ஏற்றுக்கொள்கிறேன். நடைமுறைப்படுத்துவதை மணி அடித்த பிறகு..."

"மணி அடித்தால் மேத்ஸ், சார்."

"மறு எண்ணிக்கை ஒன்று..."

"மக்கள் முடிவை மதிக்காத அரசு வெறும் அதட்டல், சார்." இதைச் சொன்னது ம்ருண்மயி. பாடத்தைக் கவனித்த ஒரே மாணவி. மேசையைத் தட்டவில்லை என்பதுதான் குறை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு செருமல் கேட்டது. உள்ளே வந்ததிலிருந்து வாயே திறக்காத பாட்டீல் சார் முதல்முறையாகப் பேசினார். "சார், அரசு என்ன முடிவு செய்திருக்கிறது? நாங்களும் காத்திருக்கிறோம்."

"வரிசையாக..." என்று ஆரம்பித்தேன். அதற்கப்புறம் நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. வகுப்பு காலியாக இருந்தது.

நேரே மைதானத்துக்குப் போயிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். ஆனால் மறுநாள் பள்ளி விளையாட்டு விழா. பி.டி. ஆசிரியர் ஷிண்டே சார் தன் பீரியட் காலி என்று அலுவலகத்தில் சொல்லிவைத்ததே மைதானத்தில் கோடு போடத்தான். காலையிலிருந்து வெயிலில் குனிந்து நூல் பிடித்துச் சுண்ணாம்புப் பொடி தூவி ஓட்டப் பாதைகளை வரைந்து முடித்திருந்தார். வளைவுகள் எல்லாம் அச்சில் வார்த்தது மாதிரி. இடுப்பில் கைவைத்துக்கொண்டு தன் வேலையைத் தானே ரசித்துக்கொண்டிருந்தவரின் இரு பக்கமும் பிரிந்து எட்டு 'பி' பாய்ந்தது. எங்கிருந்து பந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. வாக்குரிமையின் வலிமை வெள்ளைப் புகையாகக் கிளம்பி இரண்டாவது மாடிவரை போனது.

"அரே! அரே! லைன்! லைன்!" என்று ஷிண்டே சார் அலறினார்.

முதல்வர் அறையிலிருந்து முதல்வர் மேடம் வராந்தாவுக்கு ஓடி வந்தார். "யார் இவர்களை வெளியே விட்டது?"

"நாங்கள் ஓட்டுப் போட்டோம் மேடம்!" என்று ஓடிக்கொண்டே ஏழெட்டுக் குரல்கள் பதில் சொல்லின.

அவர்களைத் தடுக்கலாம் என்று நானும் ஓடினேன். வாக்குப்பெட்டியை ஏன் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று என்னைக் கேட்காதீர்கள். "நில்லுங்கள்! ஜனநாயகத்தில் கடமை என்றும் ஒன்று..." என்று கத்தியபடி நூறு மீட்டர் பாதையின் தொடக்கக் கோட்டில் காலை வைத்தேன். சுண்ணாம்புப் பொடி என் குர்தாவையோ எம்.ஏ.வையோ மதிக்கவில்லை. கால் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம், நான் நடுவில். உட்கார்ந்த நிலையிலேயே கொஞ்ச தூரம் சறுக்கிப் போய் நின்றேன். மேலிருந்து ஓட்டுச் சீட்டுகள் என்மேல் மெதுவாக உதிர்ந்தன.

அப்போதுதான் மைதானத்தின் மறுகோடியிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"அப்பா!"

இனியா ஓடி வந்தாள். வாரக்கணக்கில் என்னை முன்பின் பார்த்திராதவள்போல் நடித்த பெண், பள்ளி மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க என் பக்கத்தில் மண்டியிட்டு முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா, அடி பட்டுச்சாப்பா? எந்திரிக்க முடியுதா?"

ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். பந்து மட்டும் தானாக உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. அதர்வா அவளையும் என்னையும் பார்த்தான்.

"சரவணன் சார் உன் பப்பாவா?"

"ஆமா" என்றாள் இனியா. கன்னமெல்லாம் சுண்ணாம்பு. "அதனால என்ன?"

அதர்வா வந்து என் ஒரு கையைப் பிடித்துத் தூக்கினான். இனியா இன்னொரு கையை. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து என்னை நிமிர்த்தி நிற்க வைத்தன. எனக்கு அடி ஒன்றும் படவில்லை. ஆனால் கண் கலங்கியிருந்தது. சுண்ணாம்பு என்று சொல்லிவிட்டேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல்வர் மேடம் என்னிடம் பேசியது எதுவும் எழுதத் தக்கதல்ல. ஷிண்டே சார் பேசவே இல்லை, அது இன்னும் மோசம். மாலையில் அவருடன் சேர்ந்து குனிந்து நூல் பிடித்து எல்லாக் கோடுகளையும் மறுபடி போட்டேன். நான் போட்ட வளைவை மட்டும் அவர் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

அதற்கு முன்பு, ஆசிரியர் அறையில், இடுப்புக்குக் கீழே முழு வெள்ளையாக, பாட்டீல் சார் எதிரில் வாய்மொழித் தேர்வுக்கு நின்றேன். பக்கத்தில் தேஷ்பாண்டே மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பாடத்தின் நோக்கம் என்ன?" என்று கேட்டார் பாட்டீல் சார்.

"தங்கள் ஓட்டின் வலிமையை மாணவர்கள் உணர்வது, சார்."

"உணர்ந்தார்களா?"

ஜன்னலுக்கு வெளியே ஷிண்டே சார் யாரையோ துரத்தும் சத்தம் கேட்டது.

"உணர்ந்தார்கள், சார்."

குறித்துக்கொண்டார். "அது யாருடைய பீரியட் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"என் மகள் சொல்ல வந்தாள், சார். நான் கேட்கவில்லை."

"அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. "அடுத்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன், சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று, ஏனென்றால் சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. தேஷ்பாண்டே மேடம் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். "போங்கள், போய்க் குளியுங்கள்" என்றார் பாட்டீல் சார்.

தேறிவிட்டேன். மயிரிழையில். வகுப்புக் கட்டுப்பாடு என்ற தலைப்புக்கு நேரே எவ்வளவு போட்டிருந்தார் என்பதைப் பற்றி நாம் பேச வேண்டாம். 'பாட நோக்கம் நிறைவேறியது' என்பதற்கு நேரே மட்டும் முழு மதிப்பெண். ஸ்நேஹல் அதைப் பார்த்துவிட்டு, "காகா, நம்ம பேட்ச்சிலேயே இதுக்கு ஃபுல் மார்க் உங்களுக்கு மட்டும்தான்" என்று எனக்கு ஒரு வடா பாவ் வாங்கிக் கொடுத்தாள்.

பாடம் நடந்த அன்று இரவு வீட்டில், ஒரு வாளி வெந்நீரைத் தலையில் ஊற்றிக்கொண்ட பிறகு, இனியாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தேங்க்ஸ் கண்ணு."

"எதுக்குப்பா?"

"அந்த ஒரு ஓட்டுக்கு. எல்லாரும் எனக்கு எதிராப் போட்டப்போ நீ மட்டும் 'ஏ' போட்டியே. அப்பாவுக்கு அதுவே போதும்."

அவள் திருதிருவென்று விழித்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு ரொம்பவும் இதமாக, நோயாளியிடம் டாக்டர் பேசுவதுபோல், சொன்னாள். "ப்பா, அது நான் இல்லப்பா. நான் சி போட்டேன். அது ஷ்ராவணியா இருக்கும். அவளுக்குக் கால்ல பிளாஸ்டர் போட்டிருக்கு. அவளால விளையாட முடியாது."

அடுப்படியில் கவிதா சிரித்த சிரிப்பில் குக்கர் விசில் அடித்ததே யாருக்கும் கேட்கவில்லை. அன்றைக்குச் சாதம் குழைந்துவிட்டது.

இப்போது நிக்டியிலேயே ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். குடிமையியல்தான் நடத்துகிறேன். பி.டி. பீரியடை யார் எவ்வளவு அன்பாகக் கொடுத்தாலும் வாங்குவதில்லை. பிள்ளைகள் குறுக்கே பேசினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன். பாதி நேரம் தண்ணீர் குடிக்கப் போகத்தான் கேட்கிறார்கள். பரவாயில்லை.

ஆனால் கதை என் கையை விட்டு எப்போதோ போய்விட்டது. பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் கவிதா அதைத் தொலைபேசியில் அனுப்பி வைத்தாள். ஒவ்வொரு வீட்டிலும் அது கொஞ்சம் கொஞ்சம் வளர்ந்தது. என் மாமியார் சொல்லும் கதையில் நான் பள்ளிக்கூடத்துத் தேர்தலில் நின்று டெபாசிட் இழந்திருக்கிறேன். மச்சான் சொல்வதில் என்னை எதிர்த்து நின்று ஜெயித்ததே இனியாதான். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அதுவரை நான் பார்த்தேயிராத ஒரு பெரியவர், "ஏனுங் தம்பி, அந்தக் கலவரத்துல போலீஸ் வந்து தடியடி நடத்தினாங்களாமே, மெய்தானுங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

எதிர் வரிசையில், இப்போது கல்லூரிக்குப் போகும் இனியா பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தாள். என்னைத் தவிர நடந்ததை நேரில் பார்த்தவள் குடும்பத்தில் அவள் ஒருத்திதான். "நீயே சொல்லு கண்ணு, போலீஸெல்லாம் வந்துச்சா?" என்றேன்.

அவள் பந்தியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தாள். மாமியார், மச்சான், அவன் பிள்ளைகள், அந்தப் பெரியவர், எல்லோரும் இலையை விட்டுவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மெஜாரிட்டி வந்துச்சுன்னுதான் சொல்றாங்கப்பா" என்றாள். "நீங்க மாத்தாம ஏத்துக்கணும்."